பூஸ்டரைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் பூஸ்டர் பற்றி, அதாவது பிரேக் மிதிக்கும் காலுக்குக் கூடுதல் பலம் சேர்க்கும் தகர டப்பா பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய வண்டிகளுக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் கொடுப்பது அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு வரிகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. பெடல் கடினமாகிவிட்டால் பூஸ்டர் போய்விட்டது, உடனே மாற்றிவிடுங்கள் என்பது ஒன்று. சந்தேகம் இருந்தால் வண்டியை வேகமாக ஓட்டிப்போய் பிரேக் அடித்துப் பாருங்கள் என்பது இன்னொன்று. முதல் வரி பணத்தைத் தின்னும். இரண்டாவது வரி ஆளையே தின்னும். பிரேக் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். வெட்டுவதாக இருந்தால் வரலாற்றை வெட்டுங்கள், சோதனைகளில் கை வைக்காதீர்கள்.

அந்த வரலாறும் பெரிதாக ஒன்றுமில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டெவாண்ட்ரே 1927-இல் வாக்குவம் சர்வோவைக் கொண்டுவந்தார். வாக்குவம் என்றால் வெற்றிடம், சர்வோ என்பது பூஸ்டருக்கு இன்னொரு பெயர். ஸ்போர்ட்ஸ் கார்களில் டிஸ்க் பிரேக் வந்த பிறகுதான் அதன் தேவை உண்மையில் கூடியது. டிரம் பிரேக்கில் சுற்றும் டிரம்மே லைனிங்கைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. எவ்வளவு பிடி வேண்டுமோ அவ்வளவையும் யாராவது அழுத்தித்தான் கொடுக்க வேண்டும்.

யார் அழுத்துகிறார்கள் என்பதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். வாக்குவம் இழுக்கிறது என்பார்கள். இழுப்பதெல்லாம் ஒன்றுமில்லை, வெளிக்காற்றுதான் தள்ளுகிறது. அந்தத் தகர டப்பாவுக்குள் பெரிய ரப்பர் டயாஃப்ரம் ஒன்று இருக்கிறது, அது டப்பாவை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது இரண்டு அறையிலும் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து, வந்த வாக்குவமே இருக்கும். கால் வைத்ததும் நடுவில் உள்ள வால்வு முதலில் இரண்டு அறைக்கும் நடுவே உள்ள வழியை அடைக்கும், அப்புறம் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்றை விடும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வாக்குவம் என்றானதும் டயாஃப்ரம் முன்னால் போகிறது. அந்தத் தள்ளல் உங்கள் காலின் பலத்தோடு சேர்ந்து, பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிறது. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, பாதரச அளவில் 18 முதல் 20 அங்குல வாக்குவம் கொடுக்கும். 9 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரத்தில் 20 அங்குல வாக்குவம் என்றால், கணக்குப்படி ஏறக்குறைய 280 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிடச் சின்ன டப்பாவும் உண்டு. அதற்கேற்பக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். ஆரம்பகால போர்ஷே 911-இல் பூஸ்டரே கிடையாதே, அது நன்றாகத்தானே நிற்கிறது, பூஸ்டர் செத்தால் நாமும் அப்படியே ஓட்டிக்கொண்டால் என்ன என்று. முடியாது. பூஸ்டர் இல்லாமல் வடிவமைத்த வண்டியில் பெடலின் நெம்புகோல் விகிதத்தை 6-க்கு 1 என்ற அளவில் வைப்பார்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் அது 4-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் துளையும் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஆகவே பூஸ்டர் செத்த வண்டி, பூஸ்டர் இல்லாமல் பிறந்த வண்டியைவிட மோசமாகவே நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தம்பி தன் டாட்சன் 240 இசட்டைக் கொண்டுவந்தார். 1969-இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று வெளிவந்த வண்டியின் ஏற்றுமதி வடிவம் அது. ஆறு சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடல் கடினம் என்று வேறொரு பட்டறையில் சொல்லியிருக்கிறார். அவர்கள் பூஸ்டரை மாற்றிக் கொடுத்தார்கள். "அண்ணே, புது பூஸ்டர் போட்டும் அப்படியேதான் இருக்கு. இப்ப மாஸ்டர் சிலிண்டரையும் மாத்தணும்னு சொல்றாங்க" என்றார். நான் கேட்டது ஒரே கேள்வி: "எப்பவும் கடினமா இருக்கா, சில நேரம் மட்டுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: இன்ஜினைக் கிளப்பிய கொஞ்ச நேரம் சரியாக இருக்கும், நன்றாகச் சூடான பிறகு முதல் மிதி சரி, அடுத்தடுத்து மிதித்தால் இரண்டாவது மூன்றாவது கல்லாகிவிடும், கொஞ்சம் விட்டு மிதித்தால் மறுபடியும் சரியாகிவிடும்.

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் அது இன்ஜின் சூட்டைப் பார்த்து வேலை செய்யாது, குளிரிலும் கிழிந்தபடியேதான் இருக்கும். விட்டு மிதித்தால் சரியாகிறது என்றால் உதவி வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது என்று அர்த்தம். டப்பாவுக்குள் போன காற்று வெளியேறும் பாதையில் எங்கோ அடைப்பு.

மேனிஃபோல்டில் வாக்குவம் அளக்கும் கேஜ் போட்டேன், முள் 19-இல் நின்றது, அசையவில்லை. கேஜைக் கழற்றி மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸின் பூஸ்டர் முனையில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்துப் போட்டேன். ஹோஸ் குளிர்ந்திருந்தபோது அங்கேயும் 19. இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஓடவிட்டபடியே பெடலை ஒருமுறை மிதித்து விடச் சொன்னேன். முள் கீழே விழுந்தது, திரும்ப ஏற அவசரமே படவில்லை. ஹோஸை விரலால் தடவினேன், நடுவில் ஓர் இடத்தில் தட்டையாக ஒட்டிப்போயிருந்தது. கழற்றி நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே ரப்பர் படலம் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வாக்குவத்துக்கென்று செய்த ஹோஸ் அல்ல அது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ் எல்லாம் உறிஞ்சலைத் தாங்கிவிடாது. சூடானால் சுவர் இளகி, சப்பிப்போகும். சரியான வாக்குவம் ஹோஸ் ஒரு துண்டு, இரண்டு கிளாம்ப், அவ்வளவுதான் மருந்து.

அந்தப் பட்டறையில் கழற்றிய பழைய பூஸ்டரைத் தம்பி தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருந்தார். அதைக் குலுக்கினால் உள்ளே எதுவோ உருண்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முன்பக்கத் தடியைத் திரும்பச் செருகி, கையால் இயக்கும் வாக்குவம் பம்பை மாட்டி இழுத்துப் பார்த்தேன். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. ஒரு குற்றமும் செய்யாத பூஸ்டர்.

இனி, உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட சோதனைகள். எல்லாவற்றையும் வண்டியை நிறுத்தி, சமதளத்தில், சக்கரத்துக்கு அடை கொடுத்துச் செய்யலாம். சாலைக்குப் போகவே வேண்டாம். இவற்றில் முதல் மூன்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை நன்றாக மிதியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாக்குவம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே மிதமாக அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் உயிரோடு இருந்தால் கால் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கவே இல்லை என்றால் உதவி வரவில்லை. கவனியுங்கள், உதவி வரவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். பூஸ்டர் கெட்டது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கினால் நான் மேலே சொன்ன ஹோஸைத் தேடுங்கள்.

அடுத்தது. இன்ஜினை ஓரிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதி வழக்கம்போல ஆழமாகப் போக வேண்டும், இரண்டாவது கொஞ்சம் உயரத்தில் நிற்கும், மூன்றாவது இன்னும் உயரத்தில். படிப்படியாக இறுகினால் டப்பா வாக்குவத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். முதல் மிதியே கல் என்றால் எங்கோ கசிந்துவிட்டது. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வை. ஹோஸின் நடுவிலோ டப்பாவின் முகத்திலோ இருக்கும் சின்னப் பொருள் அது. கழற்றி ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் ஒரு துளியும் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு வீண். எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் வீண். சிலர் அதைத் திருப்பி மாட்டிவிட்டு பூஸ்டர் வேலை செய்யவில்லை என்று புலம்புவதும் உண்டு. அப்புறம் அது டப்பாவுக்குள் செருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம். வயதானால் அது கெட்டியாகி ஓரத்தில் கசியும், பார்த்தால் தெரியவே தெரியாது.

மூன்றாவது சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. அதிகம் பேர் செய்வதில்லை. இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை அணையுங்கள். முப்பது விநாடி அப்படியே பிடித்திருங்கள். பெடல் அசையாமல் நின்றால் நல்லது. உங்கள் காலை மெல்ல மேலே தள்ளினால், சுமை ஏறும்போது உள்ளே கசிகிறது என்று அர்த்தம். டயாஃப்ரமோ உள்வால்வோதான் காரணம். முந்தைய சோதனையில் தேறி இதில் தோற்கும் பூஸ்டர்கள் உண்டு. கால் வைக்காதபோது டயாஃப்ரத்தின் இரண்டு பக்கமும் ஒரே வாக்குவம் இருப்பதால் அதில் உள்ள விரிசல் ஓய்வில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பாரம் ஏறும்போதுதான் வாய் திறக்கும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதிலும் அநியாயத் தீர்ப்புகள் உண்டு. பெடலை மிதிக்கும் நேரத்தில் காலடியில் ஒரு சின்ன "உஸ்" கேட்பது தவறல்ல. நுரை ஃபில்டர் வழியே வெளிக்காற்று உள்ளே போகும் சத்தம் அது. பெடலை ஒரே இடத்தில் பிடித்ததும் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தாலோ, கால் வைக்காமலே சீறினாலோ வால்வு உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. கூடவே பெடலை அழுத்தும்போதெல்லாம் ஐடிலிங் தடுமாறினால் சந்தேகமே வேண்டாம். கிழிந்த டயாஃப்ரம் வழியே போகும் காற்று மேனிஃபோல்டுக்குள் வந்து கலவையை மெலிதாக்குகிறது. ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து வாயை அடைத்துப் பாருங்கள். ஐடிலிங் உடனே சீரானால் ஒழுக்கு அந்தப் பக்கம்தான். கார்புரேட்டரைத் திருகித் திருகி நொந்துபோனவர்கள் பலருக்கு நோய் இதுதான்.

கைப்பம்பு உள்ளவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பூஸ்டருக்கு பாதரச அளவில் 500 மில்லிமீட்டர் வரை வாக்குவம் கொடுத்து 15 விநாடி கவனியுங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்தப் பூஸ்டரை நம்ப வேண்டாம். ஒன்று மட்டும்: பல பூஸ்டர்களில் முன்பக்கத்தை அடைப்பதே மாஸ்டர் சிலிண்டரும் அதன் சீலும்தான். மாஸ்டரைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல டப்பாவும் ஒழுகுவதாகத்தான் காட்டும்.

கேஜில் மேனிஃபோல்டே குறைவாகக் காட்டினால் பூஸ்டர் பக்கமே போகாதீர்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், வால்வு இடைவெளி தவறியிருக்கலாம், பழைய இரட்டை கார்புரேட்டர்களில் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஓரத்தில் காற்று உறிஞ்சலாம். ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட வண்டிகள் தனி ரகம். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமானால் ஐடிலிங்கில் வாக்குவம் பாதியாகக்கூட விழும். இன்ஜினுக்குள் ஆசைப்பட்டுப் போட்டதை பிரேக்கில் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அதற்கு வாக்குவம் சேமிக்கும் தொட்டியோ மின்சார வாக்குவம் பம்போதான் வழி, புதுப் பூஸ்டர் அல்ல. மலை ஏறினாலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறிது: ஆயிரம் அடிக்கு ஓர் அங்குல வாக்குவம் போகும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பெடல் கடினம் என்றால் சக்கரத்துக்கு வாருங்கள். நின்றே கிடந்த வண்டிகளில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டருக்கும் அதே கதி. பேட் கண்ணாடி போலாகியிருந்தால் பிடிக்காது, நாம் பெடலைக் குறை சொல்வோம். ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தால் அந்தச் சக்கரத்துக்கு அழுத்தம் போகவும் தாமதம், திரும்பவும் தாமதம். யாரோ பெரிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டரை மாட்டியிருந்தாலும் பெடல் கனக்கும். பெடலின் அச்சுப் புஷ்ஷில் துரு ஏறியதைக்கூட பூஸ்டர் என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். டிரம்மைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெடல் மெத்தென்று போகிறது, தரை வரை இறங்குகிறது என்றால் பொதுவாக அது பூஸ்டர் நோயே அல்ல. பிரேக் ஆயிலில் ஏர் இருக்கிறது, ஆயில் ஒழுகுகிறது, மாஸ்டர் சிலிண்டர் சீல் விடுகிறது, பின்டிரம் சரிசெய்யாமல் கிடக்கிறது, இந்த நான்கில் ஒன்று.

இப்போது உங்கள் கட்டுரை தொடவே தொடாத ஒரு விஷயம். எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பூஸ்டர் பெடலுக்கு நேரே, இன்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் உட்கார்ந்திருக்காது. 1961-இல் வந்த 3.8 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பில் துருத்தி போன்ற மடிப்புள்ள சர்வோ இருந்தது. பின்னால் வந்த 4.2-இலும், சர்வோ பொருத்திய எம்.ஜி.பி. கார்களிலும் தனியாகத் தள்ளி வைத்த சர்வோ. இந்த வகையில் பெடலிலிருந்து சர்வோவுக்குப் போவது தடி அல்ல, பிரேக் ஆயில் குழாய். ஆயிலின் அழுத்தமே சர்வோவின் காற்று வால்வைத் திறக்கும். சர்வோவுக்குள் தனியாக ஒரு சிலிண்டரும் உண்டு. அதனால் இதன் நோய்களும் தனி.

அவற்றில் தந்திரமானது இது. பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வரும். சக்கரத்தில் ஈரம் இல்லை, குழாயில் ஈரம் இல்லை, மாஸ்டரில் ஈரம் இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஊற்ற ஊற்றக் குறையும். அப்படிப்பட்ட வண்டியின் சைலன்சர் புகையைப் பாருங்கள், வெள்ளையாக வரும். சர்வோ சிலிண்டரின் சீல் தேய்ந்து, ஆயில் வாக்குவம் அறைக்குள் போய், அங்கிருந்து ஹோஸ் வழியே இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிகிறது. இதை ஹெட் கேஸ்கெட் போன அறிகுறி என்று நினைத்து இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். அதற்கு முன் சர்வோவின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தெடுங்கள். ஈரமானால் வழக்கு முடிந்தது. நேரடி பூஸ்டரிலும் இதற்கு ஓர் அண்ணன் தம்பி நோய் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் ஒழுகினால் ஆயில் பூஸ்டருக்குள் சேர்ந்து தேங்கும். மாஸ்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் அங்கே பாருங்கள். பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு ஒழுகும் மாஸ்டரையே திரும்ப மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

தள்ளி வைத்த சர்வோவின் இன்னொரு நோய், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்திருப்பது. காற்று வால்வு முழுதாக மூடாமல் நின்றுவிட்டால் சர்வோ யாரும் மிதிக்காமலே மிதித்துக்கொண்டிருக்கும். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போதும் வாக்குவம் ஹோஸைக் கழற்றிய பிறகும் கையால் சுற்றிப் பாருங்கள். முதலில் இறுக்கம், பிறகு தாராளம் என்றால் சர்வோதான்.

அடுத்தது பூஸ்டரை மாற்றிய பிறகு பிரேக் ஒட்டுவது. நேரடி பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தடியின் நீளம் மயிரிழை கணக்கு. நீளம் கூடினால் மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும், ஓட ஓட சூடாகி பிரேக் தானாக இறுகும். குறைந்தால் பெடலில் வெற்றுப் பயணம். ஒட்டும்போது மாஸ்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் தடி நீளம். விடவில்லை, சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் ஹோஸிலோ மாஸ்டருக்குள்ளோ ஆயில் சிறைப்பட்டிருக்கிறது. பிளீடரைத் திறந்தும் விடவில்லையா, காலிப்பரே இறுகிவிட்டது.

இனி அந்த டாட்சன் பூஸ்டருக்குள் உருண்ட பொருள். அது ஒரு சின்ன ரப்பர் வில்லை. ரியாக்ஷன் டிஸ்க் என்பார்கள். முன்பக்கத் தடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். மாஸ்டரைக் கழற்றியதும் யாராவது அந்தத் தடியை வெளியே உருவினால் வில்லை தன் இடத்தை விட்டு உள்ளே விழுந்துவிடும். இசட் கார்களில் இது பேர்போன விஷயம். என்ன ஆகும்? சக்கரத்தில் எவ்வளவு பிடி இருக்கிறது என்பதை உங்கள் காலுக்குத் திருப்பிச் சொல்வது அந்த வில்லைதான். மாஸ்டரின் எதிர்விசையில் ரப்பர் பிதுங்கி வால்வைப் பின்னுக்குத் தள்ளி, உதவியை உங்கள் காலின் அளவுக்கு நிறுத்தி வைக்கும். அது இல்லாவிட்டால் பெடலைத் தொட்டதுமே பூஸ்டர் தன் முழு பலத்தையும் இறக்கிவிடும். மெதுவாக நிறுத்தவே முடியாது, தொட்டால் மூக்கு குத்தி நிற்கும். பூஸ்டர் புதிதாகப் போட்டதால் பிரேக் சூப்பராகப் பிடிக்கிறது என்று சந்தோஷப்படுபவர்களில் சிலருக்கு இந்த வில்லை இடத்தில் இல்லை. மழையில் அந்தச் சந்தோஷம் தெரியும். தம்பியின் பழைய பூஸ்டரில் வில்லையை எடுத்து, தடியின் முகத்தில் உட்காரவைத்து, கவனமாக உள்ளே செலுத்தி, தடியின் நீளத்தை அளந்து, ஒரிஜினலையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.

உண்மையிலேயே டயாஃப்ரம் போயிருந்தால், அதை நீங்களே பிரிக்காதீர்கள். அந்த இரண்டு தகர ஓடுகளுக்கு நடுவே பெரிய ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. சரியான பிடிப்பு இல்லாமல் அந்த ஓடுகளைத் திருகித் திறந்தால் முகத்துக்கு வரும். ரப்பர் பாகங்களை பெட்ரோலிலும் இன்ஜின் ஆயிலிலும் கழுவவே கூடாது, ஊறி வீங்கிவிடும். இந்த வேலையை மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள், பழைய ஓடு துருவில்லாமல் இருந்தால் அதிலேயே புது ரப்பர் போட்டுத் தருவார்கள். மாற்றுப் பூஸ்டரைவிட அதுதான் வண்டிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டு.

கடைசியாக அந்த இரண்டாவது வரி. உதவி போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வேகமாக ஓட்டி பிரேக் அடிப்பதில் பதில் கிடைக்கும் நேரத்தில் முன்னால் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் பதில் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் இறுகினால் பிரேக் போய்விடவில்லை, உதவிதான் போயிருக்கிறது. விட்டு விட்டு மிதித்து மிச்ச வாக்குவத்தை வீணாக்காமல், ஒரே அழுத்தாக, தேவைப்பட்டால் இரண்டு காலாலும் மிதியுங்கள். கியரைக் குறைத்து இன்ஜினையும் வேகம் குறைக்க விடுங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுபவர்கள் இரண்டு மூன்று மிதியில் தங்கள் பூஸ்டரைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள், டப்பாவில் ஒரு குறையும் இல்லாமலே.

அந்த வரிக்காவது வரும் வாரமே திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். படம் வேண்டுமானால், டயாஃப்ரம் கிழிந்த பூஸ்டர் ஒன்றை உள்ளே தெரியும்படி வெட்டி வைத்திருக்கிறேன். கட்டுரையாளரோடு புகைப்படக்காரரையும் அனுப்பினால் சோதனைகளையும் அங்கேயே செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரேக் மெக்கானிக் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)